ஆற்றில் விட்ட பல்சக்கரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓரிக்கைப் பாலாற்று மணலில், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியை உலாத்துகிறவன் போல இழுத்துக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை நடந்தேன். தலையில் துண்டு, கையில் குடை, தொப்பை முன்னால், நான் பின்னால். காந்தத்தில் ஒட்டியவை: பீர் பாட்டில் மூடிகள், ஒரு மாட்டு லாடம், சைக்கிள் செயின் துண்டு, ஒரு கொண்டை ஊசி. மணல் திருட வந்தவன் என்று நினைத்து பைக்கில் வந்த இரண்டு பையன்கள் என்னை விசாரித்தார்கள்.

"இன்னா சார் தேடிக்கினு இருக்கறீங்க?"

"எங்கப்பா இங்க ஒரு சக்கரத்த வுட்டுட்டுப் போனாருப்பா."

"எப்போ?"

"நான் அஞ்சாவது முடிச்ச லீவுல."

ஒருத்தன் என் வழுக்கையைப் பார்த்தான். அதை வைத்தே கணக்குப் போட்டிருப்பான். "வெயில் ஜாஸ்தியா இருக்குது சார், வூட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னான். நல்ல பிள்ளை. ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை.

அந்தச் சக்கரம் கிடைத்திருந்தால் அது ஒடிந்த இடத்தில் சந்தனம் இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். இத்தனை வருஷம் மண்ணுக்குள் கிடந்த இரும்பில் சந்தனம் எங்கே இருக்கும் என்று கேட்காதீர்கள். கோபத்துக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. என் வயதுக்காரர்களுக்கு இது புரியும். சின்ன வயதில் பார்த்ததெல்லாம் இப்போதுதான் அர்த்தத்தோடு திரும்ப ஓடுகிறது. அப்போது வர வேண்டிய கோபம் எனக்குத் தபாலில் வந்து, இப்போதுதான் கைக்குச் சேர்ந்திருக்கிறது. யாரிடம் காட்ட வேண்டுமோ அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அம்மாவும் போய்விட்டாள்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் மட்டும் தறி கிடையாது. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்குமே ஜக்கார்டு பெட்டி, அதற்கு அட்டை அடித்துக் கொடுக்கும் வீடு எங்களுடையது. சேலைக் கரையில் அன்னம் வர வேண்டுமென்றால் எந்த இழை எழும்ப வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்பதை அட்டையில் இருக்கும் ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். ஓட்டை ஒன்று தப்பினால் அன்னத்துக்குக் கழுத்து இருக்காது.

அந்த ஓட்டைகளைக் குத்துகிற மெஷின் சீமையில் செய்தது. முன்னால் ஆர்மோனியம் போல விசைகள், கீழே இரண்டு மிதிகள், எதிரே டிசைன் வரைந்த கட்டத் தாள். கண் கட்டத்தைப் படிக்கும், விரல் விசையை அழுத்தும், கால் மிதிக்கும். டக்கென்று ஒரு வரிசை ஓட்டை விழும். உடனே உள்ளே ஒரு பல்சக்கரம் ஒரு பல் நகர்ந்து, அட்டையை அடுத்த வரிசைக்குத் தள்ளும். டக், கிர்ர். டக், கிர்ர். நான் தாலாட்டு கேட்டு வளரவில்லை, இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். மெஷினைச் செய்த கம்பெனியின் பெயர் வார்ப்பிலேயே பெரிய எழுத்தாக நின்றது. கம்பெனி மூடி வெகு காலம். "ஆணி போனாக்கூட ஸ்பேர் கெடைக்காது, ஜாக்கிரதை" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

வாசலில் இருந்த போர்டில் அப்பா பெயர். ஆர்டர் எடுப்பதும், முதலாளிமார்களோடு டீ குடிப்பதும், மெஷினுக்கு எண்ணெய் விடுவதும் அப்பா. அதில் உட்கார்ந்து அடிப்பது அம்மா. ஊரில் "அவர் அடிச்ச அட்டைன்னா கண்ண மூடிக்கினு தறியில ஏத்தலாம்" என்பார்கள். அந்த அவரின் கூந்தலில், அட்டையிலிருந்து உதிர்ந்த வட்டத் துணுக்குகள் எப்போதும் நாலைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மெஷினுக்கு அடியில் குவிகிற அந்தத் துணுக்குகளை நான் டப்பாவில் சேர்த்து, தெருவில் சாமி வரும்போது பூ மாதிரித் தூவுவேன். பெருக்குகிறவர்களிடம் திட்டு வாங்குவேன்.

மாதத்தில் மூன்று நாள் அந்த மெஷின் ஓயும். அம்மா வீட்டுக்குத் தூரம் என்பார்கள். கொல்லைப் பக்கம் தனிப் பாய், தனித் தட்டு. மெஷின் பொட்டு வைத்துப் பூஜை செய்கிற பொருளாச்சே, அந்த நாட்களில் அவள் அதைத் தொடக்கூடாது. இது பெரியப்பாவின் சட்டம். எங்கள் குடும்பத்தில் நல்ல நேரம், கெட்ட நேரம், யார் எப்போது வாயைத் திறக்கலாம் எல்லாமே அப்பாவின் அண்ணனான அவருடைய இலாகா. அடுத்த வீட்டில்தான் இருந்தார். எட்டிப் பார்க்கிற தூரம்.

அந்தக் கோடையில் ஒரு கல்யாணச் சேலைக்கு அவசரமாக அட்டை வேண்டியிருந்தது. முதலாளி வீட்டு ஆள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மா கொல்லையில் இருந்தாள். அப்பா போய்க் குனிந்து பேசினார்.

"எழுந்து வந்து உக்காரும்மே. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"நான் பாத்துக்கறேன்."

அம்மா வந்து உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் டக் வந்தது, கிர்ர் வரவில்லை. அதற்குப் பதிலாக ணங் என்று ஒரு சத்தம். அப்பா மூடியைக் கழற்றினார். பல்சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அம்மா இரண்டு துண்டையும் எடுத்து வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒடிந்த வாயில் பாதி, அப்போதுதான் உடைத்த உப்புக்கல் போல மினுமினுத்தது. மீதிப் பாதி கறுப்பு. எண்ணெய் ஊறி ஊறி வந்த கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் மஞ்சளாக ஒரு கோடு. அம்மா நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"சந்தனங்க. ஆயுத பூஜைக்குப் பூசுன சந்தனம். அப்பவே விரிசல் இருந்திருக்குது. உள்ள எறங்கிக்கினு இருக்குது பாருங்க."

அந்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷினைக் கழற்றித் துடைக்கும்போது, சக்கரம் திரும்பவும் அச்சில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. பெரியப்பாதான் "நகருடா, இதுக்கு ஒரு வைத்தியம் இருக்குது" என்று சுத்தியலால் நாலு போடு போட்டு ஏற்றினார். ஏறிவிட்டது. எல்லாரும் கைதட்டினோம். மறுநாள் அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தோம்.

சத்தம் கேட்டுப் பெரியப்பா வந்தார். வந்தவர் மெஷினைப் பார்க்கவில்லை, கொல்லையைப் பார்த்தார்.

"தட்டு தனியா இருக்குது. பாய் தனியா இருக்குது. அப்போ மெஷின்ல யாரு உக்காந்தது?"

அப்பா கழற்றிய மூடியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"தீட்டோட உக்காந்தா இரும்பு தாங்குமாடா? சாமிடா அது!"

"மாமா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று அம்மா துண்டை நீட்டினாள். "உள்ள சந்தனம் ஓடியிருக்குது. இன்னிக்கு ஒடஞ்சதுக்குள்ள போன வருஷத்துச் சந்தனம் எப்படிப் போவும்?"

"அந்தக் கையால அதத் தொட்டு என் மூஞ்சிக்கு நேரா நீட்டாத."

அவர் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பிக்கொண்டார். பார்த்தால் தெரிந்துவிடும் என்கிற பயமா, பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்கிற திமிரா, இன்று வரை எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் கன்னத்தில் ஒரே அறைதான் கொடுத்திருக்க வேண்டும்.

அம்மா அப்பாவிடம் திரும்பினாள். "பாத்துக்கறேன்னு சொன்னீங்களே. பாருங்க."

அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். வேலும் மயிலுமாக முருகன் இருந்தார். அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா துண்டுகளை மெஷின் மேல் வைத்துவிட்டுக் கொல்லைக்குத் திரும்பிப் போனதும், பெரியப்பா அப்பாவிடம் தனியாகத் தீர்ப்பு சொன்னார். "பூஜ பண்ண பொருள் பின்னமாயிடுச்சு. வூட்ல வச்சிக்கினு இருந்தா குடும்பத்துக்கு ஆவாது. வெடிகால எடுத்துக்கினு போயி ஆத்துல வுட்டுடு."

உடைந்த சாமி சிலையை ஆற்றில் விடுவதில்லையா, அந்த மாதிரி. இரும்புச் சக்கரத்தை!

மறுநாள் விடியலில் அப்பா இரண்டு துண்டையும் மஞ்சள் துணியில் சுற்றி, மேலே ஒரு முழம் பூவும் வைத்து, என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு ஓரிக்கைக்கு மிதித்தார். பாலாற்றில் விடலாம் என்று போனோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. நம் ஆறு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கண்ணுக்கெட்டிய வரை மணல், நடுவில் ஒரு எருமை.

"இன்னாப்பா பண்றது? தண்ணி இல்லியே" என்றேன்.

அப்பா யோசித்தார். பிறகு மணலைக் கையால் தோண்டி, அடியில் ஈரம் கசிகிற வரை போய், துணி மூட்டையை உள்ளே வைத்து மூடினார். மேலே கற்பூரம் ஏற்றினார், காற்றில் அணைந்தது. திரும்ப ஏற்றினார், திரும்ப அணைந்தது. "போதும்டா, சாமிக்குப் புரியும்" என்றார். நான் கண்ணை மூடி, சைக்கிளில் வாடகை இல்லாமல் ஒரு ரவுண்டு கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வரும் வழியில் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு அது எனக்குப் பண்டிகை.

அங்கிருந்து நேராக லேத்து பட்டறைக்குப் போனோம். புதுச் சக்கரம் கடைந்து தரச் சொல்லத்தான். லேத்துக்காரர் பீடியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒடஞ்சது எங்க? அத வச்சித் தான அளவெடுக்கணும்?"

"ஆத்துல வுட்டுட்டேன்."

பீடி கீழே விழுந்தது. "யோவ், அது இன்னா அஸ்தியா, கரைச்சிட்டு வர்றதுக்கு? கம்பெனியே இல்லாத மெஷினு. ஒடஞ்ச சாமான் தான்யா உனக்கு மிச்சமிருந்த ஒரே சொத்து!"

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா என் தலையில் ஒன்று வைத்தார்.

மூன்று நாள் கழிந்து அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து கேட்ட முதல் கேள்வி, "அந்தத் துண்டு ரெண்டும் எங்க?"

அப்பா சொன்னார்.

"ஆத்துலயா? ஆத்துல தண்ணி ஏதுங்க?"

அவர் அதற்கும் பதில் சொன்னார்.

அம்மா கத்தின கத்தல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அடங்கி ஒடுங்கிப் போகிற ஆள் இல்லை அவள். "எம்மேல தப்பு இல்லன்னு சொல்றதுக்கு இருந்த ஒண்ணு, அது! மெஷினைத் திரும்ப ஓட்டறதுக்கு இருந்த ஒண்ணும் அதே தான்! ரெண்டையும் சேத்து மண்ணு தோண்டிப் பொதைச்சிட்டு, மேல பூ வேற வச்சிட்டு வந்து நிக்கறீங்களே, மனுசனா நீங்க?" அடுத்த வீட்டுக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்தினாள். அடுத்த வீட்டில் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்கள்.

பிறகு என் கையைப் பிடித்தாள். "நீ தான போன? எடத்தைக் காட்டு."

ஓரிக்கை வரை நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. "எந்த எடம்டா?"

"எரும பக்கத்துலம்மா."

எருமை வீட்டுக்குப் போயிருந்தது. அப்பா எந்த இடத்தில் தோண்டினார் என்று எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அதுதான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் திட்டவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தாள். ஒரு குழி, பக்கத்தில் ஒரு குழி, அதற்குப் பக்கத்தில் ஒன்று. வளையல் மணலில் உரசி உரசி வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் தலை நிமிர்ந்து பார்த்தால் எங்கள் குழிகளுக்குப் பக்கத்தில் வரிசையாகக் குடங்கள். குடிதண்ணீருக்கு ஊற்றுத் தோண்டுகிறோம் என்று நினைத்து ஓரிக்கைப் பெண்கள் வந்து காத்திருந்தார்கள். ஒருத்தி அம்மாவிடம் சொன்னாள், "இன்னும் கொஞ்சம் ஆழமாப் போம்மா, அங்க தான் நல்ல தண்ணி."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தப் பெண்கள் பயந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

சக்கரம் கிடைக்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலமே அவள் மெஷின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சக்கரம் போனாலும் அது உட்கார்ந்திருந்த அச்சு இருந்தது. பல்லைப் பிடித்து நிறுத்தும் கொக்கி இருந்தது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பட்டு நூல் வைத்து அளந்தாள். பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி? பழைய அட்டைகளை எடுத்தாள். சக்கரம் ஒரு பல் நகர்ந்தால்தான் ஒரு வரிசை நகரும். அப்படியானால் வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரத்துக்குள் பல்லின் அளவு ஒளிந்திருக்கிறது. வீடு முழுக்க அடுக்கியிருந்த அட்டைகள் எல்லாமே அந்தச் சக்கரத்தின் கால்தடங்கள். அன்னம் வரைகிற அதே கட்டத் தாளில், அன்னம் வரைகிற அதே பென்சிலால், ஒவ்வொரு பல்லாக ஒரு சக்கரம் வரைந்தாள்.

லேத்துக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யக்கா, நல்லா தான் இருக்குது. யாளி ஒண்ணு நடுவுல போட்டிருந்தா சேலைக்கு எடுப்பா இருக்கும்."

"யாளி எங்க பக்கத்து வூட்ல உக்காந்துக்கினு இருக்குது. நீ கடைஞ்சி குடு."

முதலில் கடைந்தது சரிப்படவில்லை. அட்டை ஓட ஓட வரிசை தள்ளிப் போய், அன்னத்தின் மூக்கு அதன் முதுகிலேயே முளைத்தது. அம்மா எந்த இடத்தில் தப்பு என்று காட்டினாள். லேத்துக்காரர் அவளைத் திட்டிக்கொண்டே, மெஷினைத் திட்டிக்கொண்டே, சீமைக்காரனையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பித்தளையில் இன்னொன்று கடைந்தார். அது உட்கார்ந்தது. சுத்தியல் இல்லாமலே உட்கார்ந்தது.

டக், கிர்ர். டக், கிர்ர்.

தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா ஒரு அட்டையை அடித்து முடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவள் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெயில். ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. அப்பா, தானே கடைந்து தந்தவர் போல எல்லாருக்கும் டீ சொன்னார்.

பெரியப்பாவும் வந்தார். தன் மகனைக் கூட்டிக்கொண்டு. பத்தாவதில் தவறி, தெருவில் எல்லாருடைய சைக்கிளையும் இரவல் வாங்கி ஓட்டுவதை உத்தியோகமாக வைத்திருந்த அண்ணன்.

"நல்லதாப் போச்சு. இனிமே மெஷின்ல இவன் உக்காரட்டும்டா. சும்மா தான இருக்கறான்."

அம்மா எழுந்திருக்கவில்லை. "சக்கரம் என் கையால திரும்பி வந்துது மாமா."

"யாரு இல்லன்னா? மறுபடியும் ஒடஞ்சா யாரு ஆத்துக்குப் போறது, அதத் தான் சொல்றேன்."

டீ குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"ஏங்க, இப்பவாவது வாயத் தெறந்து சொல்லுங்க. அன்னிக்கு உக்காருன்னு என்னைக் கூப்ட்டது யாரு?"

ஒரே ஒரு வாக்கியம். "நான்தான்ணா கூப்பிட்டேன்." அவ்வளவுதான். நாலு வீட்டுக்காரர்கள் முன்னால் அதைச் சொல்லியிருந்தால் அவர் குடுமி அறுந்திருக்காது. வானம் இடிந்திருக்காது.

"இப்ப எதுக்கும்மே அதெல்லாம்" என்றார் அப்பா. "நீயும் கொஞ்ச நாளு ரெஸ்ட் எடு."

ரெஸ்ட்! மறுநாள் விடியலிலேயே அம்மா அடுத்த தெருவில் பாவு பிணைக்கப் போனாள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்டுகிற வேலை. கட்டை விரலில் தோல் உரிந்து வரும், சாம்பல் தொட்டுத் தொட்டு முறுக்குவாள். மாதம் முழுக்கப் போனாள். அங்கே அவள் எந்த நாளில் வருகிறாள், எந்த நாளில் வரக்கூடாது என்று பெரியப்பா போய்க் கேட்கவில்லை. கூலி வேலைக்குத் தீட்டு கிடையாது போலிருக்கிறது.

அண்ணன் மெஷினில் உட்கார்ந்தான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அன்னத்தை வாத்தாக்கினான், வாத்தைக் கோணிப்பை ஆக்கினான். ஒரு மத்தியானம் கெட்டுப்போன அட்டைகளைத் தூக்கிக்கொண்டு அம்மா சாப்பிடுகிற இடத்துக்கு வந்தான்.

"சித்தி, எங்க தப்புன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

அம்மா சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "கிட்ட வராதப்பா. தீட்டு பட்டுடும்."

"இன்னிக்கா சித்தி?"

"என்னிக்கும்."

அதற்குப் பிறகு அவள் அந்த மெஷினைத் தொட்டதே இல்லை. அடிக்கிற வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய், மெஷின் மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கப்பட்ட பிறகும், அதன் மேல் ஒரு துணி காயப்போட்டதுகூட இல்லை. அப்பா கடைசிவரை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. பெரியப்பா செத்தபோது ஊரே வந்து, அவரைப் போல நியாயம் சொல்ல ஆளில்லை என்று அழுதது. நானும் மூங்கில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனேன்.

போன வாரம் வீட்டில் சோற்றைப் பிசைந்த கையோடு இதையெல்லாம் கத்தினேன். அப்பாவைக் கோழை என்றேன். பெரியப்பாவுக்கு இங்கே எழுத முடியாத பெயர் வைத்தேன். ஒரு பொம்பளையை அவள் இடத்திலிருந்து எழுப்பிவிட்ட பாவிகள் என்று மேஜையைக் குத்தினேன், ஊறுகாய் பாட்டில் துள்ளியது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற என் பெண் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தி முடித்துத் தண்ணீர் குடிக்கும் வரை என் மனைவி பொறுமையாக இருந்தாள். பிறகு ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"போன ஆயுத பூஜ அன்னிக்கு, பொட்டு வச்ச லேப்டாப்ப எடுக்க நம்ம பொண்ணு வந்தா. 'நீ தூரம், அங்கியே நில்லு, நான் எடுத்துத் தரேன்'னு சொன்னது உங்க பெரியப்பா இல்லீங்க."